விரல் வைத்துக் காட்டுங்கள்: பெட்டிப் பரப்பும் இயற்கணிதமும்

ஒன்பதாம் வகுப்பு அளவியல் பாடத்தில் கனச்செவ்வகம் வந்ததும் பிள்ளைகள் இரண்டு சூத்திரங்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஒன்று பக்கப் பரப்புக்கு, இன்னொன்று மொத்தப் பரப்புக்கு. எண்களைக் கொடுத்துக் கேட்டால் எப்படியோ விடை வந்துவிடுகிறது. அளவுகளை எழுத்தில் கொடுத்துவிட்டால் கை நின்றுவிடுகிறது. சூத்திரம் நினைவில் இருந்தும், எதை எங்கே போடுவது, வந்த விடை சரியா என்பது தெரிவதில்லை.

பெரியவர்களுக்கும் இதே தடுமாற்றம் உண்டு. பெயிண்டர் சொல்லும் சதுர அடி நான்கு சுவருக்கா, கூரையும் சேர்த்தா? தொட்டிக்குப் பூச்சு வேலை பேசும்போது உள்ளளவா, வெளியளவா? அட்டைப்பெட்டி செய்யக் கொடுத்தால், பெட்டியின் பரப்பைவிட அட்டை ஏன் இவ்வளவு அதிகம் பிடிக்கிறது?

எல்லாவற்றுக்கும் ஒரே பழக்கம் போதும். நீங்கள் எழுதும் கோவையில் உள்ள ஒவ்வொரு உறுப்பும் பெட்டியின் ஏதோ ஒரு துண்டின் பரப்பு. அந்தத் துண்டை விரல் வைத்துக் காட்ட முடிந்தால் உறுப்பு சரி. காட்ட முடியவில்லை என்றால் பிழை நுழைந்துவிட்டது என்று பொருள்.

குறியீடுகளை முதலில் முடிவு செய்துகொள்வோம். நீளம் ‘நீ’, அகலம் ‘அ’, உயரம் ‘உ’. தெரியாத அளவு வந்தால் அதற்கு ‘க’. பள்ளிப் புத்தகத்தில் எல், பி, எச், எக்ஸ் என்று இருக்கும். எழுத்து எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

எத்தனை முகங்கள் என்று முதலில் கேளுங்கள்

பெட்டிக்கு ஆறு முகங்கள். ஒவ்வொரு கணக்கும் அவற்றில் சிலவற்றை மட்டும் கேட்கும். பேனாவை எடுக்குமுன் எவை என்று எண்ணிவிடுங்கள்.

அறையின் சுவர்களுக்கு வண்ணம் என்றால் நான்கு. மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியின் உட்புறம் என்றால் நான்கு சுவர், ஒரு தரை, ஆக ஐந்து. மூடிய பெட்டிக்கு வெளியே வண்ணத்தாள் ஒட்டுவதென்றால் ஆறு.

தீப்பெட்டி ஒரு நல்ல சோதனை. குச்சிகள் இருக்கும் உள்தட்டுக்கு ஐந்து முகங்கள்: நீஅ + 2(நீ + அ)உ. அது நுழையும் வெளிக்கூட்டுக்கு நான்கு முகங்கள்தான். இரு முனையும் திறந்திருக்கும். நான்கு முகம் என்றதும் பக்கப் பரப்புச் சூத்திரத்தைப் போட்டு 2(நீ + அ)உ என்று எழுதினால் தவறு. கூடு சுற்றி வருவது அகலத்தையும் உயரத்தையும். அது நீண்டு போவது நீளத்தின் திசையில். ஆகவே அதன் பரப்பு 2(அ + உ)நீ. தீப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

சூத்திரத்தில் ‘உயரம்’ என்று இருக்கும் இடத்தில், நான்கு முகங்களும் எந்தத் திசையில் நீள்கின்றனவோ அந்த அளவு வரவேண்டும். மற்ற இரண்டு அளவுகளும் அடைப்புக்குறிக்குள் போகும்.

நான்கு சுவரும் ஒரே பட்டை

பெட்டியின் மேல் முகத்தையும் அடி முகத்தையும் எடுத்துவிடுங்கள். மீதமுள்ள நான்கு முகங்களை ஒரு செங்குத்து விளிம்பில் வெட்டி, சுருட்டிய பாயை விரிப்பது போல விரியுங்கள். ஒரே செவ்வகப் பட்டை கிடைக்கும். அதன் நீளம் அடிப்பகுதியின் சுற்றளவு, அதாவது 2(நீ + அ). அதன் அகலம் பெட்டியின் உயரம்.

பக்கப் பரப்பு = 2(நீ + அ) × உ

மொத்தப் பரப்பு வேண்டுமானால் மேலும் கீழும் இரண்டு முகங்களைச் சேர்த்தால் ஆயிற்று: 2(நீ + அ)உ + 2நீஅ. இரண்டாவது சூத்திரத்தைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். பட்டையின் நீளம் 2 × 35 = 70. பக்கப் பரப்பு 70 × 8 = 560 ச.செ.மீ. முகம் முகமாகப் பார்த்தாலும் அதுவே: நீளச் சுவர்கள் இரண்டும் 2 × 160 = 320, அகலச் சுவர்கள் இரண்டும் 2 × 120 = 240, கூட்டினால் 560. மேலும் கீழும் 2 × 300 = 600 சேர்த்தால் மொத்தப் பரப்பு 1160.

2(நீ + அ)உ என்பதை விரித்தால் 2நீஉ + 2அஉ. முதல் உறுப்பு முன்சுவரும் பின்சுவரும். இரண்டாவது இடச்சுவரும் வலச்சுவரும். இப்படி ஒவ்வொரு உறுப்பாகக் கை வைத்துக் காட்டும் பழக்கம் இங்கேயே தொடங்கட்டும். அடைப்புக்குறி வடிவம் பட்டையைக் காட்டும். விரித்த வடிவம் தனித்தனி முகங்களைக் காட்டும். கணக்கிட முன்னது எளிது, சரிபார்க்கப் பின்னது உதவும்.

எண்ணின் இடத்தில் எழுத்து வந்தால்

நீளம் 2க + 1, அகலம் க + 4, உயரம் க. பக்கப் பரப்பு என்ன?

முதல் வேலை, நீளத்தையும் அகலத்தையும் கூட்டுவது: 3க + 5. அதை இரட்டித்தால் பட்டையின் நீளம் 6க + 10. அதை உயரத்தால் பெருக்கினால்:

க(6க + 10) = 6க² + 10க

இதையே உயரம் க + 2 என்று மாற்றிக் கேட்டால், (6க + 10)(க + 2) = 6க² + 12க + 10க + 20, அதாவது 6க² + 22க + 20.

பிள்ளைகள் வழக்கமாக வழுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, அடைப்புக்குறியை விட்டுவிடுவது. 2(3க + 5) என்பதை 6க + 5 என்று எழுதுகிறார்கள். இரண்டு மடங்கு முழுச் சேர்க்கைக்கும்தான். ஐந்தை இரட்டிக்காமல் விட்டால் பட்டையின் நீளம் 5 குறைந்துவிடும். நான்காவது சுவர் மூலையைத் தொடாமல் நின்றுவிடும்.

இரண்டாவது, மூன்று அளவையும் பெருக்கிவிடுவது. பரப்பைக் கேட்டால் கன அளவு வந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, விடையின் படியைப் பார்ப்பது. மூன்று அளவுகளும் க உள்ள ஒருபடிக் கோவைகள் என்றால் பரப்பில் அதிகபட்சப் படி 2தான். க³ தென்பட்டால் ஒரு பெருக்கல் அதிகம். க² வராமலே போனால், பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள். அளவுகளில் ஒன்றோ இரண்டோ வெறும் எண்ணாக இருந்தால் படி குறையலாம்.

மூன்றாவது, சரிபார்க்கத் தவறான எண்ணைத் தேர்வது. க-வுக்கு ஓர் எண்ணைப் பிரதியிட்டு இரண்டு வழியிலும் ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பது மிக நல்ல பழக்கம். ஆனால் 0, 1, 2 ஆகியவை வேண்டாம். 0 போட்டால் க உள்ள உறுப்புகள் எல்லாம் மறைந்துவிடும். 1 போட்டால் க², க இரண்டும் 1 ஆகிவிடும். 2 போட்டால் க², 2க இரண்டும் 4. பிழை இருந்தாலும் தெரியாது. 3 அல்லது 10 போடுங்கள்.

மேலே உள்ள இரண்டாவது விடையைச் சோதிப்போம். க = 3 என்றால் நீளம் 7, அகலம் 7, உயரம் 5. சுற்றளவு 28, பக்கப் பரப்பு 140. கோவையில் போட்டால் 54 + 66 + 20 = 140. பொருந்துகிறது. ஒரு நிமிட வேலை, மதிப்பெண் கைவிட்டுப் போகாது.

பரப்பு தெரியும், அளவு தெரியாது

இயற்கணிதம் உண்மையில் பயன்படுவது இந்த இடத்தில்தான். விடையிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்.

ஒரு பெட்டியின் நீளம் அகலத்தைவிட 3 செ.மீ. அதிகம். உயரம் 4 செ.மீ. பக்கப் பரப்பு 120 ச.செ.மீ. அகலம் க என்றால் நீளம் க + 3. பட்டையின் நீளம் 2(2க + 3). அதை 4ஆல் பெருக்கினால் 120. எனவே 8(2க + 3) = 120; 2க + 3 = 15; க = 6. அகலம் 6, நீளம் 9. சுற்றளவு 30, நான்கால் பெருக்கினால் 120.

அடைப்புக்குறியை விரிக்காமலே இரு பக்கமும் 8ஆல் வகுத்ததைக் கவனியுங்கள். உயரம் தெரிந்த கணக்குகளில் முதலில் உயரத்தால் வகுத்துவிடுங்கள். பட்டையின் நீளம் கையில் கிடைத்துவிடும், பாதி வேலை முடிந்தது.

உயரமும் தெரியாவிட்டால் இருபடிச் சமன்பாடு வரும். அகலமும் உயரமும் க, நீளம் க + 3, பக்கப் பரப்பு 130 என்று வைப்போம். 2(2க + 3)க = 130. இரண்டால் வகுத்து ஒரு பக்கம் கொண்டுவந்தால் 2க² + 3க − 65 = 0. காரணிப்படுத்தினால் (2க + 13)(க − 5) = 0. க = 5 அல்லது −6.5. நீளத்துக்குக் குறை எண் பொருந்தாது; எனவே க = 5. பெட்டி 8, 5, 5. சுற்றளவு 26, ஐந்தால் பெருக்கினால் 130. குறை எண்ணை ஏன் விட்டோம் என்று ஒரு வரி எழுதுங்கள். அதுவும் விடையின் ஒரு பகுதிதான்.

அளவுகள் விகிதத்தில் வந்தால் இன்னும் எளிது. நீளம், அகலம், உயரம் 5 : 4 : 3 என்றால் அவற்றை 5க, 4க, 3க என்று எழுதுங்கள். பக்கப் பரப்பு 2 × 9க × 3க = 54க². அது 486 என்றால் க² = 9, க = 3. பெட்டி 15, 12, 9.

இன்னொரு வகைக் கேள்வி பிள்ளைகளை மிரட்டும். பக்கப் பரப்பு 560, மொத்தப் பரப்பு 1160, உயரம் 8. நீளமும் அகலமும் என்ன? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 600. அது மேல் முகமும் அடி முகமும். ஆகவே நீ × அ = 300. பக்கப் பரப்பை உயரத்தால் வகுத்தால் பட்டையின் நீளம் 70; ஆகவே நீ + அ = 35. கூட்டல் தெரியும், பெருக்கல் தெரியும். பத்தாம் வகுப்பில் மூலங்களின் கூடுதலும் பெருக்கற்பலனும் படிப்பது இதற்குத்தான்: க² − 35க + 300 = 0, அதாவது (க − 20)(க − 15) = 0. நீளம் 20, அகலம் 15. முன்பு பார்த்த அதே பெட்டி.

பக்கப் பரப்பையும் உயரத்தையும் மட்டும் கொடுத்து நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியாகக் கேட்டால் விடை சொல்ல முடியாது என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். 20, 15 என்றாலும் 25, 10 என்றாலும் கூடுதல் 35தான். சுவர்ப் பரப்பு மாறாது. தரைதான் மாறும்: முதலாவதற்கு 300, இரண்டாவதற்கு 250. இரு பக்கமும் 17.5 ஆக இருந்தால் 306.25. 4நீஅ = (நீ + அ)² − (நீ − அ)² என்ற முற்றொருமை காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கூடுதல் மாறாமல் இருக்கும்போது, வித்தியாசம் குறையக் குறையத் தரை பெரிதாகும். ஒரே அளவு சுவருக்கு அதிக இடம் வேண்டுமென்றால் சதுரமாகக் கட்டுங்கள்.

வீட்டுச் சுவரும் தொட்டியும்

ஓர் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். நான்கு சுவரும் 44 × 10 = 440 சதுர அடி. கூரை 120. பெயிண்டர் 440 என்றால் சுவர் மட்டும், 560 என்றால் கூரையும் சேர்த்து. 7 அடிக்கு 3 அடி கதவையும் 4 அடிக்கு 4 அடி ஜன்னலையும் கழித்தால் சுவர் 403 ஆகும். கழிப்பதா வேண்டாமா என்பதை வேலை தொடங்குமுன் பேசிவிடுங்கள். முடிந்தபின் பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

அடியும் அங்குலமும் கலந்து வரும்போது கால்குலேட்டரில் ஒரு பெரிய பிழை நடக்கிறது. 12 அடி 6 அங்குலம் என்பது 12.6 அடி அல்ல, 12.5 அடி. 12 அடி 10 அங்குலத்தை 12.10 என்று அடித்தால் கால்குலேட்டர் அதை 12.1 என்று எடுத்துக்கொள்ளும். உண்மை அளவு ஏறத்தாழ 12.83. 10 அடி உயர அறையில் இந்த ஒரு பிழையால் ஏறத்தாழ 15 சதுர அடி குறைந்துவிடும். அங்குலத்தை 12ஆல் வகுத்த பிறகே புள்ளி வையுங்கள். சதுர அங்குலத்தைச் சதுர அடியாக்க 12ஆல் வகுப்பதும் தவறு. 144ஆல் வகுக்க வேண்டும்.

வீடு முழுக்கக் கணக்கெடுக்கும்போது பொதுக்காரணி கைகொடுக்கும். மூன்று அறைகளின் சுற்றளவு 44, 40, 36 அடி, எல்லாவற்றுக்கும் உயரம் 10 அடி என்றால் அறை அறையாகப் பெருக்க வேண்டாம். ரன்னிங் அடியைக் கூட்டினால் 120. உயரத்தால் பெருக்கினால் 1200 சதுர அடி. ஃபால்ஸ் சீலிங் போட்டு உயரம் ஓர் அடி குறைந்தால் எவ்வளவு மிச்சம்? யோசிக்கவே வேண்டாம், 120 சதுர அடி.

அடுத்தது தொட்டி. வீட்டுப் பின்புறம் ஒன்பது இன்ச் சுவர் வைத்து, உள்ளளவு 8 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி உயரத்தில் மேல் திறந்த செங்கல் தொட்டி கட்டுகிறீர்கள். உட்பூச்சு: சுவர் 28 × 5 = 140, தரை 48, ஆக 188 சதுர அடி. வெளிப்பூச்சுக்கும் அதே 140ஐ வைக்கலாமா?

கூடாது. சுவரின் தடிமன் ‘த’ என்றால் வெளி நீளம் நீ + 2த, வெளி அகலம் அ + 2த. வெளிச் சுற்றளவு:

2(நீ + 2த + அ + 2த) = 2(நீ + அ) + 8த

தொட்டி எவ்வளவு பெரிதானாலும் சிறிதானாலும் உள்சுற்றுக்கும் வெளிச்சுற்றுக்கும் வித்தியாசம் 8த மட்டுமே. எட்டு எங்கிருந்து வந்தது? நான்கு மூலைகள், ஒவ்வொரு மூலையிலும் இரண்டு த. விரல் வைத்து எண்ணிவிடலாம். ஒன்பது இன்ச் என்பது முக்கால் அடி; 8த = 6 அடி. வெளிச்சுற்று 34 அடி. சுவர் உயரம் 5 அடியே என்று வைத்தால் வெளிப்பூச்சு 170 சதுர அடி.

சுவரின் மேல் விளிம்பையும் மறக்க வேண்டாம். (நீ + 2த)(அ + 2த) − நீஅ என்பதைச் சுருக்கினால் 2த(நீ + அ) + 4த². முதல் உறுப்பு நான்கு சுவர்களின் மேல்தளம். 4த² நான்கு மூலைச் சதுரங்கள். 21 + 2.25 = 23.25 சதுர அடி. ஆக மொத்தப் பூச்சு 188 + 170 + 23.25 = 381.25 சதுர அடி. கொத்தனாரிடம் பேசுமுன் இந்த மூன்று எண்ணையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டால், எதற்குக் கூலி பேசுகிறோம் என்பதில் இருவருக்கும் குழப்பம் இராது.

அட்டைப்பெட்டியில் மறைந்திருக்கும் அட்டை

கூரியரில் வரும் சாதாரண அட்டைப்பெட்டியைப் பாருங்கள். மேலே நான்கு மூடி மடிப்புகள், கீழே நான்கு. எல்லா மடிப்புகளின் உயரமும் பெட்டி அகலத்தில் பாதி. அதனால்தான் நீள மடிப்புகள் இரண்டும் நடுவில் வந்து சேர்கின்றன. பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு சிறு மடிப்பு. அதன் அகலத்தை ‘ம’ என்போம்.

பெட்டியைப் பிரித்து விரித்தால் அட்டையின் நீளம் 2(நீ + அ) + ம. அதன் அகலம் உயரமும் மேலே பாதி அகலமும் கீழே பாதி அகலமும், அதாவது உ + அ. தேவைப்படும் அட்டை:

(2(நீ + அ) + ம)(உ + அ)

விரித்து எழுதினால்:

2(நீ + அ)உ + 2நீஅ + 2அ² + மஉ + மஅ

முதல் உறுப்பு நான்கு சுவர். இரண்டாவது மேலும் கீழும் மூடும் நீள மடிப்புகள். மூன்றாவது உள்ளே மறையும் நான்கு குறுகிய மடிப்புகள். நான்காவது ஒட்டு மடிப்பு. ஐந்தாவது ஒட்டு மடிப்புக்கு மேலும் கீழும் வெட்டி எறியும் துண்டு. ஐந்து உறுப்புக்கும் ஐந்து வகை அட்டைத்துண்டு. எதுவும் அனாதையாக நிற்கவில்லை.

40, 30, 25 செ.மீ. பெட்டிக்கு ஒட்டு மடிப்பு 4 செ.மீ. என்றால் அட்டை 144 × 55 = 7920 ச.செ.மீ. ஆறு முகங்களின் பரப்போ 5900தான். மீதி 2020இல் 1800 குறுகிய மடிப்புகள், 220 ஒட்டுப் பகுதி.

இதிலிருந்து ஒரு சிக்கன வழி பிறக்கிறது. கூடுதல் செலவில் பெரும்பங்கு 2அ². அப்படியானால் அ சிறியதாக இருக்கட்டும். அதே பெட்டியை 40, 25 உள்ள முகத்தில் திறக்கும்படி செய்து உயரத்தை 30 ஆக்கினால் அட்டை 134 × 55 = 7370 ச.செ.மீ. உள்ளே வைக்கும் பொருள் அதே, கொள்ளளவு அதே, ஒரு பெட்டிக்கு 550 ச.செ.மீ. மிச்சம். ஆயிரம் பெட்டிக்கு 55 சதுர மீட்டர். 30, 25 முகத்தில் திறந்தால் 114 × 65 = 7410; அதுவும் நல்லதே, ஆனாலும் 7370தான் குறைவு. அட்டையின் தடிமனுக்காகத் தொழிலில் சில மில்லிமீட்டர் கூட்டுவார்கள். அடுக்கும்போது தாங்கும் வலுவையும் பார்க்க வேண்டும். அவற்றைப் பேசிக்கொண்டு, திறக்கும் முகத்தை முடிவு செய்யுங்கள்.

மூலை வெட்டி மடித்த தட்டு

30, 20 செ.மீ. உள்ள ஒரு தாளின் நான்கு மூலையிலும் க பக்கமுள்ள சதுரங்களை வெட்டி மடித்தால் மூடியில்லாத தட்டு கிடைக்கும். நீளம் 30 − 2க, அகலம் 20 − 2க, உயரம் க. பக்கப் பரப்பு:

2(50 − 4க)க = 100க − 8க²

தரை 600 − 100க + 4க². இரண்டையும் கூட்டினால் 600 − 4க². முழுத் தாளில் நான்கு மூலைச் சதுரம் போக மீதி என்று கோவையே சொல்லிவிடுகிறது. தாளில் பார்த்தாலும் அதுதான் உண்மை.

பக்கப் பரப்பு எப்போது அதிகம்? க = 5 என்றால் 300, 6 என்றால் 312, 7 என்றால் 308. வர்க்கமாக்கி எழுதினால் 312.5 − 8(க − 6.25)². ஆகவே 6.25 செ.மீ. வெட்டும்போது பக்கப் பரப்பு உச்சம், 312.5 ச.செ.மீ. க-வின் எல்லையையும் எழுதுங்கள்: 0ஐவிடப் பெரிது, 10ஐவிடச் சிறிது. க = 10 ஆனால் தட்டின் அகலம் பூச்சியமாகிவிடும்; கோவை 200 என்று விடை தரும், ஆனால் கையில் தட்டே இருக்காது.

சதவீதக் கேள்விகள்

மூன்று அளவும் 10 சதவீதம் கூடினால் பக்கப் பரப்பு 10 சதவீதம் கூடாது, 1.1 × 1.1 = 1.21, அதாவது 21 சதவீதம் கூடும். உயரம் மட்டும் 10 சதவீதம் கூடினால் பரப்பும் சரியாக 10 சதவீதம் கூடும். நீளமும் அகலமும் 10 சதவீதம் கூடி உயரம் 10 சதவீதம் குறைந்தால் 1.1 × 0.9 = 0.99, ஒரு சதவீதம் குறையும். நீளம் மட்டும் கூடினால் பொதுவான ஒரே விடை கிடையாது, அகலத்தைப் பொறுத்தது. 20, 15, 8 பெட்டியின் நீளம் 22 ஆனால் பக்கப் பரப்பு 592, ஏறத்தாழ 5.7 சதவீதக் கூடுதல்.

பழகும் முறை

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குச் சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். காலிப் பற்பசைப் பெட்டியோ தீப்பெட்டியோ கொடுத்துப் பிரித்து விரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முகத்திலும் நீஅ, நீஉ, அஉ என்று பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பிறகு கோவையை எழுதி, எந்த உறுப்பு எந்தத் துண்டு என்று கேளுங்கள். இரண்டு மூன்று பெட்டி பிரித்த பிள்ளைக்குச் சூத்திரம் தானாகவே நினைவில் தங்கிவிடும்.

மாணவர்களுக்கு நான்கு வரி. எத்தனை முகம் என்று முதலில் எண்ணுங்கள். எல்லா அளவையும் ஒரே அலகுக்கு மாற்றுங்கள். பட்டையின் நீளத்தைக் கண்டுபிடித்து உயரத்தால் பெருக்குங்கள். விடையை 3 அல்லது 10 போட்டுச் சோதியுங்கள். இந்த வரிசை தப்பாமல் செய்தால், அளவியலில் பெட்டிக் கணக்கு எந்த உருவில் வந்தாலும் முழு மதிப்பெண் வாங்கலாம்.